கருகாத உறை

அத்தியாயம் 4

விமானத்தின் முதலாளி கையெழுத்துப் போட இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது.

கடிதத்தின் நகல் எங்கள் மேஜையில் கிடந்தது. நான்கே வரி. துணை விமானியின் கவனக்குறைவால் விமானம் ஓடுபாதையில் பாதியில் நிறுத்தப்பட்டது. இன்று பிற்பகல் மூன்று மணி முதல் அவர் வேலையில் இல்லை.

"இந்தக் காகிதத்தோட நான் வேற எந்தக் கதவையும் தட்ட முடியாது," என்றார் எதிரில் உட்கார்ந்திருந்த துணை விமானி. "தனியார் விமானம் ஓட்டுறவங்க கொஞ்சம் பேர்தான். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். சாயங்காலத்துக்குள்ள விஷயம் பரவிடும். அதோட என் பறக்கற வேலை முடிஞ்சுது."

முப்பது வயதுப் பெண். சீருடையில் வந்திருந்தார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அழாமல் பேசுகிறவர்களை அக்காவுக்கு உடனே பிடித்துவிடும்.

அக்கா என்றால் என் மனைவியின் அக்கா. இந்தத் துப்பறியும் அலுவலகம் அவருடையது. நான் உதவியாளன். வீட்டில் நான் மாப்பிள்ளை என்பதால் அலுவலகத்திலும் மாப்பிள்ளை. என்னைத் திட்டும்போதுகூட மரியாதை குறையாது. 'நீங்க ஒரு தண்டம் மாப்ள' என்பார்.

"என்ன நடந்துச்சு?" என்றார் அக்கா.

"விமானத்தோட மூக்குல ரெண்டு பக்கமும் விரல் நீளத்துக்கு ஒரு குழாய் இருக்கும். காத்து அதுக்குள்ள போனாத்தான் வேகம் தெரியும். இடது குழாய் கேப்டனோட வேக முள்ளுக்கு. வலது குழாய் என் முள்ளுக்கு. நிறுத்தி வெச்சிருக்கும்போது பூச்சி புகுந்துடக் கூடாதுன்னு சிவப்புத் துணி உறை மாட்டி வெப்போம். கெளம்புறதுக்கு முன்னாடி விமானத்தச் சுத்தி வந்து அதைக் கழட்டணும். அது என் வேலை."

"கழட்டினீங்களா?"

"ரெண்டையும். பையில போட்டு, பின்னாடி பெட்டி வெக்கிற அறையில வெச்சேன்."

"அப்புறம்?"

"முதலாளியோட பெட்டியத் தூக்கப் போனேன். அப்படியே காபி பிளாஸ்க். எங்ககிட்ட அதுக்கெல்லாம் தனி ஆள் கிடையாது."

"எவ்வளவு நேரம்?"

"எட்டு நிமிஷம்."

"சுமாரா எட்டா?" என்றேன் நான்.

"எட்டு."

அக்கா என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா மாப்ள? கேட்டதுக்கு மட்டும் பதில். வழியில யாரப் பாத்தேன், அவங்க பையன் என்ன படிக்கிறான், அதெல்லாம் கிடையாது."

நான் அங்கே இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். அந்தப் பெண் வந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது.

துணை விமானி தொடர்ந்தார். முந்தாநாள் காலை. ஓடுபாதையில் வேகம் எடுத்தார்கள். கேப்டனின் முள் ஏறியது. இவருடைய முள் அசையவில்லை. நிறுத்துங்கள் என்று கத்தினார். கேப்டன் நிறுத்தினார். திரும்பி வந்து இறங்கிப் பார்த்தால் வலது குழாயில் சிவப்பு உறை.

"கேப்டன் தன்னோட அறிக்கையில, தான்தான் கவனிச்சு நிறுத்தினதா எழுதியிருக்காரே," என்றார் அக்கா.

"கத்தினது நான். ஆனா உள்ள நாங்க ரெண்டே பேர். முதலாளி பின்னாடி ஃபோன்ல பேசிட்டிருந்தார். குரல் பதிவு ரெண்டு மணி நேரம்தான் நிக்கும், அழிஞ்சு போச்சு."

"வேற யாராவது அந்த உறையத் திரும்ப மாட்டியிருக்கணும்."

"மெக்கானிக். அவருக்கு என்னைக் கண்டா ஆகாது. அவர் செஞ்ச வேலைய ரெண்டு தடவை திருப்பி அனுப்பியிருக்கேன்."

"கேப்டன்?"

அந்தப் பெண் பையிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்து வைத்தார். "இது அவர் எழுதினது. நான் வேலைக்குச் சேர்ந்த அன்னைக்குக் கொடுத்தார். இத எழுதினவர் மேல எப்படிச் சந்தேகப்படறது?"

"உங்க பக்கம் தப்பே இல்லையா?" என்றேன். கேட்டே ஆகவேண்டும் போல இருந்தது.

"ஒண்ணு இருக்கு. கெளம்புறதுக்கு முன்னாடி ஒரு பட்டியல் உண்டு. நான் படிப்பேன், கேப்டன் செஞ்சுட்டுப் பதில் சொல்வார். பதில் சொல்றப்போ அந்த சுவிட்சையும் கண்ணால பாக்கணும். பல நாளா நான் பாக்கறதில்ல. பதில மட்டும் கேட்டுட்டு அடுத்த வரிக்குப் போயிடுவேன். அவர் சொன்னா சரியா இருக்கும்னு ஒரு பழக்கம்."

தன் தப்பையும் தானே சொல்லிவிட்டார். அக்காவின் முகம் மலர்ந்தது. நான் கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

*

கார் ஓட்டியது அக்கா. நான் புத்தகத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தேன். நாற்பத்தெட்டுப் பக்கம். சொந்தச் செலவில் அச்சடித்தது. சொந்த விமானத்திலும் கம்பெனி விமானத்திலும் பாதுகாப்பு பற்றி ஒரு விமானி யோசித்தது.

'பெரிய விமானம் ஒன்று கிளம்பும்போது நாற்பது பேர் அதைப் பார்க்கிறார்கள். எங்களுடையதை இரண்டு பேர் பார்க்கிறோம். அதில் ஒருவர் பெட்டி தூக்கப் போயிருப்பார்.'

"நல்லா எழுதறார்," என்றார் அக்கா.

'பெரிய விமானத்தின் விமானிக்குப் பயணியின் முகம் தெரியாது. என் பயணி எனக்குச் சம்பளம் கொடுப்பவர். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு திரைதான். அவர் கடிகாரத்தைப் பார்ப்பது எனக்குக் கேட்கும்.'

"கடிகாரத்தப் பாக்கறது எப்படி அக்கா கேக்கும்?"

"எனக்குக் கேக்கும். நீங்க தினமும் அஞ்சு மணிக்குப் பாப்பீங்களே."

நான் பக்கத்தைப் புரட்டினேன்.

'பழகிய ஆளோடு பறப்பது சுகம். அந்தச் சுகம்தான் எனக்குப் பயம். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். பதில் வந்தவுடன் கண் அடுத்த வரிக்குப் போய்விடும்.'

"அந்தப் பொண்ணு சொன்னதேதான்," என்றார் அக்கா. "அவங்க இத மனப்பாடமாப் படிச்சிருக்காங்க. இருந்தும் அதே குழியில விழுந்திருக்காங்க."

கடைசி அத்தியாயம் பதினோரு பக்கம். தலைப்பு 'முடியாது'.

'நான் படித்த விபத்து அறிக்கைகளில் பாதி, யாரோ ஒருவர் "சரி சார்" என்று சொன்ன இடத்தில் தொடங்குகின்றன. மேகம் கறுத்திருக்கிறது, பாதை ஈரம், உடம்பு முடியவில்லை, சரி சார். "முடியாது" என்று சொல்லத் தெரியாத விமானிக்கு விமானம் ஓட்டத் தெரியாது.'

அந்த அத்தியாயம்தான் மற்ற எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் நானே பேசவில்லை.

"உடம்பு சரியில்லையா?" என்றார் அக்கா.

*

விமானக் கொட்டகை பெரிய அரிசிக் கிடங்கு மாதிரி இருந்தது. நடுவில் வெள்ளை விமானம். நான் நினைத்ததைவிடச் சின்னது. தரை நம் வீட்டுத் தட்டைவிடச் சுத்தம்.

மெக்கானிக்கின் காதில் ஒரு குட்டி திருப்புளி செருகியிருந்தது. எல்லோரும் அவரைத் திருப்புளி என்றுதான் கூப்பிடுவார்களாம்.

"அந்தப் பொண்ணு உங்க வேலையத் திருப்பி அனுப்பிச்சாமே?" என்றார் அக்கா.

"ரெண்டு தடவை. இருபது வருஷமா இங்க இருக்கேன். கேப்டன் ஒரு தடவைகூட அனுப்பினதில்ல."

"கோவமா?"

"இல்லாம? அதுவும் ரெண்டு தடவையும் தப்பு என் பேர்லதான். அதனால கோவம் ரெண்டு மடங்கு."

"பழி வாங்க உறைய மாட்டினீங்களா?"

அவர் சிரித்தார். "நல்லா கேட்டீங்க. நான் மாட்டின உறையோட விமானம் ஓடிச்சுன்னா முதல்ல யாரு ஜெயிலுக்குப் போவாங்க? கெளம்புறப்போ நான் இடது பக்கம் எண்ணெய் வண்டிகிட்ட நின்னுட்டிருந்தேன். வண்டிக்காரன் பாத்தான். வலது பக்கமே போகல. திரும்பி வந்ததும் உறையக் கழட்டினது நான்தான். அலமாரியில இருக்கு."

எடுத்துக் கொடுத்தார். விரல் நீளத்தில் ஒரு சிவப்புத் துணிப் பை. அடியில் முழ நீளத்துக்கு ஒரு சிவப்பு நாடா.

"இந்த நாடா எதுக்கு?"

"தூரத்துலேர்ந்து கண்ணுல படத்தான். காத்துல ஆடும்." சற்று நிறுத்தினார். "அன்னைக்கு ஆடல. நாடாவ மடிச்சு உறைக்குள்ளயே செருகியிருந்துச்சு."

"இத யார்கிட்டயும் சொல்லலையா?"

"யாரும் கேக்கலையே. சொன்னா அந்தப் பொண்ணு மேல தப்பில்லன்னு ஆயிடும். எனக்கென்ன தலையெழுத்து?"

நேர்மையான ஆள். எனக்குப் பிடித்துப்போனது.

அக்கா உறையை மூக்கருகே கொண்டுபோனார். திருப்பினார். உள்ளே விரலை விட்டார். "மேல போனா குளிர்ல குழாய் பனி பிடிச்சு அடைச்சுக்காதா?"

"அதுக்குச் சூடு இருக்கு. குழாய்க்குள்ளயே கம்பி ஓடுது. ஓடுபாதைக்குத் திரும்புறதுக்கு முன்னாடி சுவிட்சப் போட்டுடணும், பட்டியல்ல இருக்கு. கொஞ்ச நேரத்துல இஸ்திரிப்பெட்டி ஆயிடும். பக்கத்துக் கொட்டகையில ஒருத்தன் உறையக் கழட்டாம சூடு போட்டுட்டான். துணி உருகிக் குழாயோட ஒட்டிக்கிச்சு. குழாயையே மாத்தினாங்க."

அக்கா உறையை வெளிச்சத்தில் பிடித்தார். கடையில் வாங்கிய அன்றைக்கு எப்படி இருந்திருக்குமோ அப்படி இருந்தது.

"அந்த சுவிட்ச் இப்ப வேலை செய்யுதா?"

திருப்புளி உள்ளே ஏறினார். "போட்டாச்சு!" என்று குரல் வந்தது.

"மாப்ள, வலது குழாயத் தொட்டுப் பாருங்க."

"சூடா இருக்கும்னு அவரே சொல்லிட்டாரே அக்கா."

"சொன்னத நம்பித்தான் அந்தப் பொண்ணுக்கு வேலை போகுது. தொடுங்க."

தொட்டேன். நான் போட்ட சத்தத்தில் கூரையிலிருந்த புறாக்கள் கிளம்பின.

"வேலை செய்யுது," என்றார் அக்கா, இறங்கி வந்த திருப்புளியிடம். "இந்த சுவிட்ச யார் போடுவாங்க?"

"கேப்டன்தான். அவர் இடது கைப்பக்கம் இருக்கு." சொல்லிவிட்டு அவர் உறையைப் பார்த்தார். காதிலிருந்த திருப்புளியை எடுத்தார். மறுபடி செருகினார்.

"கேப்டனுக்கும் அந்தப் பொண்ணுக்கும் எப்படி?"

"நல்லாத்தான் இருந்தாங்க. மூணு வாரம் முன்னாடி ஒரு கூத்து. போற ஊர்ல புயல் மழை. முதலாளி போயே ஆகணும்னு நிக்கிறார். கேப்டன் வானத்தப் பாக்கறார், தரையப் பாக்கறார், வாயத் திறக்கல. இந்தப் பொண்ணு நேரா போய், 'முடியாது சார், இன்னைக்குப் போகக் கூடாது'ன்னுச்சு. வேலை போச்சுன்னு நான் நினைச்சேன். முதலாளி ஒரு நிமிஷம் மொறைச்சார். அப்புறம் கையப் புடிச்சுக் குலுக்கிட்டு, 'இப்படிச் சொல்ல இத்தனை வருஷமா எனக்கு ஒரு ஆள் இல்லையே'ன்னார். கேப்டன் பக்கத்துலயே நின்னுட்டிருந்தார்."

என் விரல் எரிந்தது.

*

கேப்டனின் அறையில் எல்லாம் நேர்கோட்டில் இருந்தன. பேனா, தொப்பி, தண்ணீர்ப் புட்டி. அலமாரியில் அவர் புத்தகத்தின் பிரதிகள் முதுகு வரிசையாக அடுக்கியிருந்தன. ஐம்பத்தைந்து வயது. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ரொம்ப நல்ல பொண்ணு," என்று தொடங்கினார். "புத்திசாலி. கடுமையா உழைப்பா. அதுல சந்தேகமே இல்ல. ஆனா..."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வீட்டில் அக்காவைப் பற்றிக் குறை சொல்ல வேண்டும் என்றால் என் மனைவியிடம் நான் இப்படித்தான் தொடங்குவேன். ரொம்பத் திறமைசாலி, அதுல சந்தேகமே இல்ல, ஆனா.

"அன்னைக்குப் பட்டியல் முழுசாப் பாத்தீங்களா?" என்றார் அக்கா.

"நான் பட்டியல் பாக்காம ஒரு அடி நகர்ந்ததில்ல."

"குழாய்ச் சூடு?"

"அவ படிச்சா. நான் போட்டாச்சுன்னு சொன்னேன்."

"போட்டீங்களா?"

"போட்டேன்."

அக்கா உறையை மேஜைமேல் வைத்தார். பேனாவுக்கும் தொப்பிக்கும் நடுவில். நேர்கோட்டில்.

"அப்போ இது ஏன் கருகல?"

கேப்டன் அதைப் பார்த்தார். தொடவில்லை.

"சுவிட்ச் பழுதா இருந்திருக்கும்."

"மாப்ள, விரலக் காட்டுங்க."

காட்டினேன். நன்றாகக் கொப்புளம் போட்டிருந்தது.

"ஆக ரெண்டுல ஒண்ணு, கேப்டன். நீங்க சுவிட்சப் போட மறந்திருக்கணும். இல்லேன்னா உறை அங்க இருக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்."

எனக்கு அக்காவின் சங்கடம் புரிந்தது. மறந்துவிட்டேன் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மனிதன்தானே, மறதி சகஜம் என்று முதலாளி விட்டுவிடுவார். உறை மட்டும் அந்தப் பெண்ணின் கணக்கிலேயே நிற்கும். மணி இரண்டே கால்.

கேப்டனின் பார்வை அலமாரிக்குப் போனது. நாற்பத்தெட்டுப் பக்கங்கள், வரிசையாக.

எங்கே தொட்டால் அவருக்கு வலிக்கும் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கும் அங்கேதான் வலிக்கும்.

"மறந்துதான் போயிருப்பார், விடுங்க அக்கா," என்றேன். "வயசுன்னு ஒண்ணு இருக்குல்ல. அந்தப் பொண்ணு அந்த நாற்காலியில இருந்திருந்தா மறந்திருக்க மாட்டாங்க. அவங்களுக்கு ஞாபகமும் இருக்கு, தைரியமும் இருக்கு. சும்மாவா முதலாளி கையப் புடிச்சுக் குலுக்கினார்? அடுத்த புத்தகத்த அவங்களே எழுதட்டும்."

"மாப்ள, வாய..."

"நான் மறக்கல."

கேப்டன் எழுந்து நின்றிருந்தார்.

"இருபத்திரண்டு வருஷம். ஒரு சுவிட்ச். ஒரே ஒரு சுவிட்ச் நான் மறந்ததில்ல. யாரப் பாத்து..."

நிறுத்தினார். தான் சொன்னதை அவரே இன்னொரு முறை கேட்டது மாதிரி இருந்தது. பிறகு மெதுவாக உட்கார்ந்தார்.

அக்கா உறையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"சூடு போட்டா குழாய் வீணாப் போயிடும்," என்றார் கேப்டன். "அந்த விமானத்துல ஒரு கீறல் விழுந்தாலும் எனக்குத் தாங்காது."

"அவங்க பெட்டி தூக்கப் போன எட்டு நிமிஷம்."

"ஒரு நிமிஷம் போதும்."

"முள்ளு ஏறாதத அவங்க கவனிக்காம விட்டிருந்தா?"

"விடமாட்டா. நான் பாத்த துணை விமானிகள்லயே நல்ல விமானி அவதான். நிறுத்தச் சொல்லுவான்னு தெரியும். என் முள்ளு நல்லாத்தான் இருந்துச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆயிருக்காது. எல்லாத்தையும் யோசிச்சுத்தான் பண்ணினேன்."

அந்தப் பெண்ணைக் கவனக்குறைவானவர் என்று காட்ட, அதே பெண்ணின் கவனத்தையே நம்பியிருக்கிறார் கேப்டன்.

"எதுக்கு?" என்றார் அக்கா.

கேப்டன் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"முடியாதுன்னு சொல்றதப் பத்திப் பதினோரு பக்கம் எழுதியிருக்கேன். இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தடவைகூடச் சொன்னதில்ல. மழை, மூடுபனி, காய்ச்சல். சரி சார். ஒவ்வொரு தடவையும் எப்படியோ கொண்டுபோய் இறக்கிட்டேன். சொன்னா வேலை போயிடும்னு பயம். அவ ஒரே ஒரு தடவை சொன்னா. அவர் திட்டுவார்னு நினைச்சேன். திட்டணும்னு ஆசைப்பட்டேன். அவர் கைகுடுத்தார்." உதட்டைத் துடைத்துக்கொண்டார். "அவ்வளவு சுலபமா அது? அவ்வளவு சுலபம்னா நான் இத்தனை வருஷம் எதுக்குப் பயந்தேன்?"

அவர் காகிதத்தை எடுத்துத் தன் அறிக்கையைத் திருத்தி எழுதினார். கையெழுத்து அச்சு மாதிரி இருந்தது.

வெளியே வந்ததும் அக்கா என்னை நிறுத்தினார். "மாப்ள."

"என்னக்கா?"

"விரலுக்கு மருந்து போடுங்க."

இரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னால் நம்பமாட்டாள்.

*

முதலாளி இரண்டே முக்காலுக்கு வந்தார். காதில் ஃபோன். திருத்திய அறிக்கையைப் படிக்கும்போதும் ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. படித்து முடித்ததும் எடுத்தார். துணை விமானி விமானத்தின் படியருகே நின்றிருந்தார். கேப்டன் நான்கடி தள்ளி.

முதலாளி பணிநீக்கக் கடிதத்தை நான்காகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"உன் பேர்ல தப்பு இல்லம்மா," என்றார்.

அந்தப் பெண் அப்போதுதான் அழுதார். சத்தமில்லாமல், அரை நிமிடம். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

முதலாளி கேப்டனிடம் திரும்பினார். "உங்கள என்ன பண்றதுன்னு நாளைக்குப் பேசிக்கலாம். எனக்கு அஞ்சு மணிக்கு வெளியூர்ல மீட்டிங். யாருக்கும் ஒண்ணும் ஆகல, விமானமும் நல்லா இருக்கு. ரெண்டு பேரும் கையக் குலுக்கிட்டு ஏறுங்க. கெளம்பலாம்."

துணை விமானி கேப்டனைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார். நான் அந்தப் பெண்ணின் வாயைப் பார்த்தேன். இன்னொரு முறை சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

கேப்டன் முந்திக்கொண்டார்.

"முடியாது சார்."

குரல் பிசிறியது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். "இன்னைக்கு நான் ஓட்டக் கூடாது. நான் இருக்கற நிலைமையில அது பாதுகாப்பு இல்ல. முடியாது."

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கே கேட்டது. பிறகு துணை விமானியின் பக்கம் திரும்பினார்.

"வேற யாரும்மா கிடைப்பாங்க?"

"ரெண்டு பேர் இருக்காங்க சார். கேட்டுப் பாக்கறேன். ஆனா அஞ்சு மணிக்குப் போய்ச் சேர முடியாது. ஏழாகும்."

"நீ சொன்னா சரி. ஏழுன்னே வெச்சுக்கலாம்."

இருவரும் ஃபோனில் எண்களைத் தேடிக்கொண்டே அலுவலகப் பக்கம் நடந்தார்கள். அக்காவும் கூடப் போனார். அந்தப் பெண்ணிடம் ஏதோ கேட்டார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். அக்காவும் சிரித்தார்.

கேப்டனும் நானும் விமானத்தருகே நின்றோம். அவர் வலது கை உடம்பிலிருந்து கொஞ்சம் விலகி, காற்றில் நின்றிருந்தது. யாராவது பிடிக்கட்டும் என்று வைத்திருந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறந்தது போல.

"பாத்தீங்களா?" என்றார். "அவ சொன்னப்போ கைகுடுத்தார்."